ஒலிபெருக்கியின் அகால மரணம்

1978-ஆம் ஆண்டில், எரிக் குன்ஸெல் என்பாரின் தலைமையில் சின்சினாட்டி சிம்பொனி வாத்தியக் குழுவினர் சைகோவ்ஸ்கியின் '1812' என்னும் இசைக்கோவையை வாசித்தபோது, அதில் வரும் பீரங்கி முழக்கத்துக்காக நிஜமான பீரங்கிகளையே வெடிக்கச் செய்து பதிவு செய்த டெலார்க் நிறுவனத்தார், அந்த முழக்கம் கேட்போரின் ஸ்பீக்கர்களுக்குச் சேதம் விளைவிக்கக்கூடும் என்று இசைத்தட்டின் உறையிலேயே எச்சரிக்கையும் அச்சிட்டார்கள். தம் வீட்டுச் சாதனத்தின் பராக்கிரமத்தை நண்பர்களுக்குக் காட்ட விரும்பிய ரசிகர்களோ, அதையே விசேஷப் பரீட்சையாகக் கொண்டார்கள். எச்சரிக்கை சிலருக்கு அழைப்பாகத் தோன்றுவது மனித சுபாவந்தானே!

ஸ்பீக்கருக்குள்ளே, காந்தத்தின் நடுவேயுள்ள குறுகிய இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள் முன்னும் பின்னும் அசைந்து, தன்னோடு ஒட்டியிருக்கும் காகிதக் கூம்பை ஆட்டுவதனாலேயே ஒலி பிறக்கிறது. சுருதி தாழத் தாழக் கூம்பு அதிக தூரம் ஓடவேண்டியிருப்பதால், பீரங்கி போன்ற மந்தர ஒலியை உரக்க வைத்தால், சுருள் தன் எல்லையைக் கடந்து காந்தத்தின் பின்தகட்டில் மோதி நசுங்குகிறது.

ஆனால் இத்தகைய வீர மரணம் அபூர்வம். பெரும்பாலான ஸ்பீக்கர்கள் உஷ்ணத்தால் வெந்தே மடிகின்றன. சாதாரண வீட்டு ஸ்பீக்கர் தனக்கு வரும் மின்சக்தியில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கையே ஒலியாக்குகிறது. மீதியெல்லாம் அந்தச் சுருளைச் சுடவைப்பதிலேயே செலவாகிறது. அதிலும், உச்ச ஸ்வரங்களுக்கான ட்வீட்டரின் கம்பி மயிரிழை போன்றது. பெட்டியின் முதுகில் '100 வாட்' என்று எழுதியிருப்பது, சங்கீதத்தில் உச்ச ஒலிகளின் பங்கு சொற்பம் என்னும் நம்பிக்கையின்பேரில் எழுதியதே; உண்மையில், சில வாட் சக்தியைத் தொடர்ந்து செலுத்தினாலே அந்தப் பேதைக் கம்பி கருகிவிடும்.

பெரிய ஆம்ப்ளிஃபயர்தான் ஸ்பீக்கரை எரிக்கும் என்ற அபிப்பிராயம் பரவலாக இருந்தாலும், சிறிய ஆம்ப்ளிஃபயரை அதன் சக்திக்கு மீறி முடுக்குவதே பல ஸ்பீக்கர்களுக்கு யமனாகிறது. மின்னலையின் சிகரங்களை முழுமையாக உருவாக்க இயலாத அது, அவற்றின் தலையைச் சீவித் தட்டையாக்கி அனுப்புகிறது; அப்போது 50 வாட் ஆம்ப்ளிஃபயரும் ஏறக்குறைய 100 வாட் வரை கொட்ட வல்லது. சீவியதால் பிறக்கும் உபரி உச்ச ஒலிகள் நேரே ட்வீட்டரைச் சென்று தாக்குகின்றன. செவிக்கு இருமடங்கு உரத்துக் கேட்க மின்சக்தி ஏறத்தாழப் பத்து மடங்கு வேண்டும் என்பதை அறியாத ரசிகர், 20 வாட்டில் திருப்தியடையாமல் குமிழைத் திருகும்போது, அந்த ஏழைச் சாதனத்திடம் 200 வாட் யாசிக்கிறார். 'பாஸ்' குமிழை 10 டெசிபெல் ஏற்றினாலும், மந்தர ஒலிகளுக்கு அதே பத்து மடங்குதான்.

ஓடிக்கொண்டிருக்கும் சாதனத்தில் ஒயரைப் பிடுங்குவது, பழுதான ஆம்ப்ளிஃபயர் நேர்மின்சாரத்தைச் சுருளில் பாய்ச்சுவது, கூம்பின் ஓரத்து நுரைவளையம் பதினைந்து இருபது ஆண்டுகளில் உதிர்வது, குழந்தையின் ஆள்காட்டி விரல் ஆகியவையும் காரணங்களே. வளையத்தை மாற்றிக்கொள்ளலாம், விரலுக்குத்தான் பரிகாரமில்லை.

ஆகவே, ஒலி கரகரத்துக் காதை உறுத்தினால் உடனே வால்யூமைக் குறையுங்கள். கருகிய ட்வீட்டருக்குப் பதில் புதியது பொருத்தப் போகிறவர்கள், பழைய ஆம்ப்ளிஃபயரின் சக்தி தம் அறைக்கும் ஆசைக்கும் போதுமானதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளட்டும். போதாதென்றால், புதிய ட்வீட்டரும் அவ்விதமே கருகும்.