ஜப்பானிய வணிகப் படங்களில் பெண்களும் கலப்பினத்தவரும்

முன்னுரை

பாலுணர்வையும் வன்முறையையும் முதன்மைச் சரக்காகக் கொண்டு, குறைந்த செலவில் விரைந்து எடுக்கப்படும் படங்களைத் திறனாய்வாளர்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. எனினும், ஒரு சமுதாயம் வெளிப்படையாகப் பேசத் தயங்குவதை அதன் மலிவான கலை வடிவங்கள் பேசிவிடுவதுண்டு. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானில் வெளிவந்த இத்தகைய படங்களில் பெண்களும் சிறுபான்மையினரும் காட்டப்பட்ட முறையை இரு படங்களின் வழி இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

தோற்றச் சூழல்

1958இல் 112 கோடியைத் தாண்டியிருந்த ஜப்பானியத் திரையரங்கப் பார்வையாளர் எண்ணிக்கை 1970இல் ஏறத்தாழ 25 கோடியாகச் சுருங்கியது. தொலைக்காட்சியின் பரவலே இதற்குத் தலையாய காரணம். வீட்டில் காண இயலாததைத் திரையரங்கில் காட்டுவதே பிழைக்கும் வழி எனப் பெரிய நிறுவனங்களும் கருதலாயின. தோயெய் பெண் கும்பல்களையும் பெண் கைதிகளையும் பற்றிய வன்முறைப் படங்களை எடுத்தது. இளைஞர் கும்பல் படங்களை முயன்று பார்த்த நிக்கட்சு, 1971 நவம்பர் முதல் பாலுணர்வுப் படங்களின் பக்கம் திரும்பியது.

பார்வையும் பழியும்

இத்தோ ஷுன்யா இயக்கிய 'பெண் கைதி 701: தேள்' (1972), காதலித்த காவல் துறையினனால் வஞ்சிக்கப்பட்டுச் சிறை புகும் நமி என்னும் பெண்ணின் கதை. காஜி மெய்கோ ஏற்ற இப்பாத்திரம் மிகக் குறைவாகவே பேசுகிறது. சினம் முழுவதும் கண்களில் தேங்கி நிற்கிறது. வெண்துணியில் வட்டமாகப் படரும் குருதி ஜப்பானியக் கொடியை நினைவூட்டுகிறது. பெண்ணுக்கு இழைக்கப்பட்ட துரோகத்தில் அரசுக்கும் பங்குண்டு என்பது குறிப்பு.

ஆயினும், ஆடையற்ற கைதிகளைக் காவலர்கள் நோட்டமிடும் காட்சியில் பார்வையாளரும் காவலரின் இடத்திலேயே அமர்த்தப்படுகின்றனர். பின்னர்ச் சிறை அதிகாரியின் கண்ணில் கண்ணாடித் துண்டு பாய்கிறது. எந்தப் பார்வையை விற்றுப் படம் பொருளீட்டுகிறதோ, அந்தப் பார்வையையே அது தண்டிக்கவும் செய்கிறது.

கலப்பினத்தவர்

போருக்குப் பின் அமெரிக்கப் படைவீரர்களுக்கும் ஜப்பானியப் பெண்களுக்கும் பிறந்த குழந்தைகள் 'கொன்கெட்சுஜி', அதாவது கலப்புக் குருதிப் பிள்ளைகள், எனப்பட்டனர். பின்னர் 'பாதி' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் திரிபான 'ஹாஃபு' பரவியது.

ஹசெபே யசுஹாரு இயக்கிய 'தெருப்பூனை ராக்: பாலியல் வேட்டைக்காரன்' (1970) படைத்தள நகரொன்றில் இவர்கள் வேட்டையாடப்படுவதைக் காட்டுகிறது. வேட்டைக்குத் தலைமை ஏற்கும் பேரன் என்பவன், தன் சகோதரிக்குக் கலப்பினத்தவர் இழைத்த கொடுமையைக் காரணம் காட்டுகிறான். ஆனால் அவனுடைய கும்பல் உலவுவதோ அமெரிக்க இராணுவ ஜீப்பில். ஜப்பானியப் பெண்களின் மானங்காக்கப் புறப்பட்டவன், மாக்கோவின் தோழியரை விருந்துக்கு அழைத்து வந்து அயல்நாட்டார்க்கு விற்கிறான். குளிர்பானப் புட்டிகளைத் தீக்குண்டுகளாக்கி வீசி மாக்கோ அவர்களை மீட்கிறாள். மானம் என்ற பேச்சு பெண்ணைக் காப்பதற்கன்று, அவளை உடைமையாக்குவதற்கே என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக்குகிறது.

இதே படத்தில் 'கோல்டன் ஹாஃப்' என்னும் கலப்பினப் பெண்களின் இசைக்குழுவும் தோன்றுகிறது. மேடையில் கலப்பினப் பெண் கவர்ச்சிப் பொருள். தெருவில் கலப்பின ஆண் அச்சுறுத்தும் அயலான். 'பாதி' என்ற ஒரே பெயர் பாலுக்கேற்ப விலையாகவும் பழியாகவும் மாறுகிறது. தன் தங்கையைத் தேடி வரும் கசுமாவாக நடித்த யசுவோக்கா ரிக்கியாவும் கலப்பினத்தவரே. எனினும், கதையின் மையம் அவனிடமன்றி, ஜப்பானியப் பெண்ணான மாக்கோவிடமே பெரிதும் நிற்கிறது.

முடிவுரை

பெண்ணுடலை நாட்டின் மானத்துக்கு அளவுகோலாக்குவதும் கலப்பினத்தவரை வெறுப்பதும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்பதை இப்படங்கள் உணர்த்துகின்றன. அவ்வேரைச் சுட்டிக்காட்டிய படங்களே அதன் கனியையும் விற்றன. எனவே இவற்றைப் பெண் விடுதலைப் படங்கள் எனப் போற்றுவதும், இழிபடங்கள் எனத் தள்ளுவதும் ஒருபுடைப் பார்வையே ஆகும்.