தகரக் கூரை ஏன் பறக்கிறது?

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. பல வீடுகள் கூரையை இழந்தன. காற்று கூரையைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது என்கிறோம். உண்மையில் காற்று கூரையை மேல்நோக்கி உறிஞ்சியது என்பதே சரி.

ஒரு தாளின் நுனியை உதட்டருகே பிடித்து, அதன் மேற்புறமாக ஊதிப் பாருங்கள். தொங்கும் தாள் மேலே எழும். கூரையிலும் ஏறத்தாழ இதுவே நிகழ்கிறது. விரைந்து வரும் காற்று கூரை விளிம்பில் சட்டென்று திரும்ப இயலாமல் விலகிச் செல்கிறது. அவ்விடத்தில் சுழல்கள் தோன்றி அழுத்தம் குறைகிறது. இந்நிலையில் காற்றுவீசும் பக்கத்துக் கதவு திறந்துகொண்டால், உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து உந்தும். ஆகவே புயலின்போது கதவு சன்னல்களை அடைத்து வைப்பதே நல்லது.

விசை எவ்வளவு? காற்றின் வேகத்தை (விநாடிக்கு மீட்டரில்) இருமடியாக்கி 0.6ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டருக்கான அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். மணிக்கு 144 கி.மீ. என்பது விநாடிக்கு 40 மீட்டர். எனவே அழுத்தம் 960 நியூட்டன். அதாவது சுமார் 98 கிலோ எடை. சரிவு குறைந்த கூரையில் உறிஞ்சும் விசை ஏறத்தாழ இந்த அளவை எட்டும். 0.5 மி.மீ. தகடோ சதுர மீட்டருக்கு 4 அல்லது 5 கிலோதான்! 3 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள தகட்டை 12 திருகாணிகள் பிடித்திருந்தால், ஒவ்வொன்றும் சுமார் 25 கிலோ தாங்க வேண்டும். மூலைகளிலும் விளிம்புகளிலும் இது இரு மடங்காகலாம். அங்கே திருகாணிகளை நெருக்கமாக வையுங்கள்.

தகட்டை இறுக்கிவிட்டால் போதுமா? போதாது. அதைத் தாங்கும் குறுக்குச் சட்டம் சுவரோடு பிணைக்கப்படாவிட்டால், சட்டத்தோடு சேர்ந்து கூரை முழுவதுமே எழும். பெல்ட் கான்கிரீட்டில் போல்ட்டுகளைப் புதைத்து, சட்டங்களை அவற்றோடு பிணைப்பதே முறை.

வெறும் ஆணி கூடாது. 6 மீட்டர் இரும்புத் தகடு 40 பாகை சூடேறினால் ஏறக்குறைய 3 மி.மீ. நீள்கிறது, இரவில் சுருங்குகிறது. நாள்தோறும் இப்படி அசைந்து ஆணி தளர்ந்துவிடும். ரப்பர் வாஷருடன் கூடிய திருகாணியை நெளிவின் மேட்டில் போட வேண்டும். மழைநீர் ஓடுவது பள்ளத்தில் அல்லவா?

இனி தகட்டைப் பற்றி. தகரம் என்று பேச்சில் சொன்னாலும் இது துத்தநாகம் பூசிய இரும்பு. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் வினைபுரிவதால், கீறல் விழுந்த இடத்திலும் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. கடையில் தடிமனை மட்டும் கேட்பவர்களே மிகுதி. பூச்சு எத்தனை கிராம் என்று கேளுங்கள். 120 கிராம் என்றால், ஒரு சதுர மீட்டர்த் தகட்டின் இரு பக்கங்களுக்கும் சேர்த்து அவ்வளவு. ஒரு பக்கத்தில் அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூட இல்லை. 275 கிராம் பூச்சு அதைப்போல் இரு மடங்குக்கு மேல் தடித்தது. கடலோரத்தில் இந்த வேறுபாடு பெரிது. துருவேறிய துளை திருகாணியைப் பிடித்து வைக்காது. தகட்டைக் கட்டிங் மெஷினால் அறுக்கும்போது பறக்கும் தீப்பொறிகளும் பூச்சைக் கெடுக்கும். கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள்.

நிறம்? பளபளக்கும் வெறும் தகடு ஒளியைத் திருப்பினாலும், ஏற்ற வெப்பத்தை எளிதில் கதிர்வீசி விடாது. வெள்ளை வண்ணம் பூசியது இரண்டையும் செய்யும்.