ஸ்பானிய இலக்கியத்தில் ஒரு மாஸ்டர்: பொண்டியிலிருந்து சில குறிப்புகள்

பொறியியலில் மாஸ்டர் முடித்து, மென்பொருள் துறையில் வேலையும் பார்க்கிற ஒருவன், முப்பது வயதைத் தாண்டியபின் ஸ்பானிய மொழியும் இலக்கியமும் படிக்கப் போகிறேன் என்றால், லா சப்பலில் அவனை எதிர்கொள்வது ஒரே கேள்விதான்: "உதாலை என்ன பிரயோசனம், தம்பி?" கேட்பவர்களில் தவறில்லை. உணவகச் சமையலறைகளில் நின்று பிள்ளைகளைப் படிப்பித்த தலைமுறையின் கேள்வி அது. அந்தப் படிப்பில் இப்போது இருப்பவன் என்ற முறையில், அது என்ன படிப்பு, எப்படிச் சேரலாம், தமிழ் வாசகருக்கு அதில் என்ன இருக்கிறது என்பதை இங்கே சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்களில் மொழி, இலக்கியம், நாகரிகம் ஆகிய மூன்றும் ஒரே பட்டத்தின் பகுதிகள். மாஸ்டர் இரண்டு வருடம், நான்கு அரையாண்டுகள், மொத்தம் 120 ஐரோப்பியத் தரப்புள்ளிகள். வேறு துறையில் பட்டம் பெற்றவர்களுக்கும் கதவு மூடியில்லை. தொழில் அனுபவத்தையும் சொந்தமாகப் பெற்ற அறிவையும் கணக்கில் எடுத்துச் சேர்த்துக்கொள்ள 1985ஆம் ஆண்டின் ஆணை ஒன்று இடம் தருகிறது. ஆனால் வகுப்புகள் பெரும்பாலும் ஸ்பானிய மொழியிலேயே நடப்பதால், மொழியறிவில் சலுகை எதிர்பார்க்க முடியாது. அரச பல்கலைக்கழகத்தில் வழமையான பதிவுக் கட்டணம் வருடத்துக்கு ஏறத்தாழ 250 யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாகப் படிக்க வருவோருக்கு 2019 முதல் இது பல மடங்கு அதிகம். சில பல்கலைக்கழகங்கள் விலக்கு அளிக்கின்றன. தொடர்கல்விப் பிரிவின் ஊடாகச் சேர்ந்தால் கட்டணம் வேறு. முதலே கேட்டுக்கொள்வது நல்லது. வேலை செய்யும் மாணவர்கள் வகுப்பு வருகையில் சலுகை கேட்கலாம்.

சொர்போன் பல்கலைக்கழகத்தின் ஸ்பானிய, போர்த்துக்கீசத் துறைகள் இருப்பது கே-லுசாக் வீதி 31ஆம் இலக்கத்தில். பொண்டியிலிருந்து 'ஈ' ரயிலில் மஜந்தா, அங்கிருந்து நிலத்தடியால் நடந்து கார் து நோரில் 'பி' ரயில் பிடித்தால் லுக்சம்பூர்க்கில் இறங்கலாம். பாடத்துக்கான வாசிப்பில் பாதியை ரயிலிலேயே முடிக்கலாம்.

பயிற்சிகளில் முக்கியமானவை மூன்று. ஸ்பானியத்திலிருந்து பிரெஞ்சுக்கு மொழிபெயர்ப்பது 'வெர்சியோன்'. பிரெஞ்சிலிருந்து ஸ்பானியத்துக்குப் போவது 'தெம்'. மூன்றாவது, ஒரு பக்கத்தை எடுத்து வரி வரியாக விளக்குவது. கவிதை நன்றாயிருக்கிறது என்று எழுதினால் புள்ளி கிடையாது. வினை எந்தக் காலத்தில் இருக்கிறது, யார் பேசுகிறார், யார் பேசவில்லை என்று காட்டவேண்டும். நிரலில் பிழை தேடிப் பழகியவனுக்கு இது அவ்வளவு அந்நியமான வேலையல்ல.

இந்த வாசிப்புமுறை எனக்கு எதற்குத் தேவைப்பட்டது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. என் ஆய்வேடு பாப்லோ நெருடாவின் இலங்கை வாழ்க்கை பற்றியது. 1929இல் சிலி நாட்டின் கொன்சலாகக் கொழும்புக்கு வந்த நெருடா, வெள்ளவத்தையில் கடலோரமாகக் குடியிருந்தார். அவர் இறந்தபின் 1974இல் வெளியான நினைவுக் குறிப்புகளில் அந்த வீட்டைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. தினமும் காலையில் அவருடைய மலவாளியை எடுக்க வந்தவர், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண். ஒருநாள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து அறைக்குள் கொண்டுபோனதை நெருடாவே எழுதுகிறார். அது வன்புணர்வு; வேறு சொல் இல்லை. 2018இல் சிலியின் தலைநகர் விமான நிலையத்துக்கு நெருடாவின் பெயரை வைக்கும் யோசனை எழுந்தபோது பெண்ணியவாதிகள் எதிர்த்ததற்கு இந்தப் பகுதி ஒரு முக்கிய காரணம். சிங்கள இயக்குநர் அசோக ஹந்தகம 2021இல் 'அல்போராதா' என்ற படத்தையும் எடுத்தார்.

தமிழில் நமக்கு அறிமுகமான நெருடா பெரும்பாலும் காதல் கவிஞர், புரட்சிக் கவிஞர். இந்தப் பக்கத்தில் வருபவர் இன்னொருவர். அந்தப் பெண்ணோடு பேசத் தனக்கு மொழியில்லை என்றும் அவர் எழுதுகிறார். அந்தப் பெண்ணுக்கு மொழி இருந்தது. நாம் பேசும் மொழிதான் அது. பெயரும் இருந்திருக்கும்; புத்தகத்தில் அது இல்லை.

இதைத் தமிழாக்கும்போது இன்னொரு சிக்கல் வருகிறது. ஸ்பானிய வினை ஆணா பெண்ணா என்று காட்டாது. எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும். தமிழில் 'வந்தாள்' என்பதா, 'வந்தார்' என்பதா? 'வந்தாள்' என்று எழுதினால் சாதியும் எசமானின் பார்வையும் நம் இலக்கணத்தாலேயே உள்ளே வந்துவிடுகின்றன. 'வந்தார்' என்றால் நெருடா கொடுக்காத மரியாதையை மொழிபெயர்ப்பாளர் கொடுக்கிறார். மேலே என் சொந்த வாக்கியங்களில் நான் 'வந்தவர்' என்றே எழுதினேன். நெருடாவின் வாக்கியங்களைத் தமிழாக்கும்போது 'வந்தாள்' என்றே விடுவேன். அந்தப் பார்வையை மறைக்க எனக்கு உரிமையில்லை.

லத்தீன் அமெரிக்க இலக்கியம் தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் வந்திருக்கிறது. அதனால் பெற்றது அதிகம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் வெ. ஸ்ரீராம் கமுய்யின் 'அந்நிய'னைப் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தந்ததுபோல், ஸ்பானியத்திலிருந்து நேரே தருபவர்களும் வேண்டும். பிரெஞ்சுப் பள்ளிகளில் இரண்டாவது அந்நிய மொழியாக அதிகம் பேர் எடுப்பது ஸ்பானியத்தைத்தான். பொண்டியிலும் லா சப்பலிலும் வளரும் நம் பிள்ளைகளில் பலர் இப்போதே அதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் அவர்களுக்குத் தமிழை வாசிக்கவும் எழுதவும் கற்றுக்கொடுத்தால், அந்த வேலைக்கு ஆட்கள் இங்கிருந்தே வருவார்கள்.