பழப் பண்ணை பூங்காவான வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையில், லாஸ் ஏஞ்சலீஸ் மாநகரின் வடமேற்கு எல்லையையொட்டி, ஆர்க்கட் பண்ணை என்னும் பொதுப் பூங்கா ஒன்று உள்ளது. முதிய ஓக் மரங்களும், ரோஜாப் பாத்திகளும், ஸ்பானிய முறையில் கட்டப்பட்ட பழைய இல்லமும் அங்கு உண்டு. இவற்றோடு, நூல் பிடித்தாற்போல் வரிசை வரிசையாக நிற்கும் ஆரஞ்சு மரங்களையும் காணலாம். நிழலுக்காக மரம் வைப்போர் இவ்வாறு நடுவதில்லை. விளைச்சலை எண்ணி நடுவோரே இவ்வாறு நடுவர். அந்த வரிசைகளே இப்பூங்காவின் வரலாற்றை நமக்கு எடுத்துரைக்கின்றன.

ஆரஞ்சு கலிபோர்னியாவின் மரமன்று. நாரத்தை, எலுமிச்சை, ஆரஞ்சு முதலிய இனங்களின் ஆதித் தாயகம் இமயமலையின் தென்கிழக்குச் சாரலென்பது அறிவியலார் துணிபு. மழை மிகுந்த அச்சாரலில் தோன்றிய இனத்தை, கோடை முழுவதும் மழையே காணாத சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் பெரும் பரப்பில் பயிரிடுவதெனின், நீரை வெளியிலிருந்து கொணர்தல் வேண்டும்.

அந்நீர் 1913-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வந்தது. பொறியாளர் வில்லியம் முல்ஹாலந்தின் தலைமையில் 233 மைல் நீளக் கால்வாய் ஒன்று அமைக்கப்பட்டது. வடக்கே சியெரா நெவாடா மலையடியில் ஓடும் ஓவன்ஸ் ஆற்றின் நீர், இறைவை இயந்திரம் ஏதுமின்றி, நிலச்சரிவின் துணைகொண்டே நகரை அடைந்தது. நீர் வேண்டிய ஊர்கள் நகரத்தோடு இணைய வேண்டியதாயிற்று. 1915-இல் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி இணைந்தது. ஆற்றிலிருந்து நெடுந்தொலைவிலிருந்த ஓர் ஊர் 'ஓவன்ஸ்மவுத்' என்று பெயரும் சூட்டிக்கொண்டது. 'ஓவன்ஸ் ஆற்றின் முகத்துவாரம்' என்பது அப்பெயரின் பொருள்!

ஒரு பள்ளத்தாக்கு செழித்தது, மற்றொன்று வாடியது. 1924-இல் ஓவன்ஸ் பகுதி மக்கள் சினங்கொண்டு கால்வாயின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தனர். சில ஆண்டுகளுக்குள் ஓவன்ஸ் ஏரி வறண்டு புழுதிக் களமாயிற்று. ஆரஞ்சின் இனிமையை நுகர்வோர் இதனையும் நினைவில் கொள்ளுதல் தகும்.

வில்லியம் வாரன் ஆர்க்கட் என்பார் எண்ணெய்க் கம்பெனியொன்றில் பணியாற்றிய நிலவியலறிஞர். லா பிரேயா நிலக்கீல் ஊற்றுகளில் கிடந்த எலும்புகள் மறைந்துபோன பண்டை விலங்குகளுடையவை என்று 1901-இல் உணர்ந்தவர் அவரே. அவரும் அவர் துணைவியாரும் 1917-இல் இப்பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 200 ஏக்கர் நிலம் வாங்கி, ஆரஞ்சு முதலிய மரங்களை வளர்த்து, 1926-இல் இல்லம் அமைத்தனர். 'ஓக் நிழற் பண்ணை' எனப் பொருள்படும் ஸ்பானியப் பெயரை அதற்கு இட்டனர். ஆர்க்கட் 1942-இல் காலமானார்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் பள்ளத்தாக்கில் குடியேற்றம் பெருகிற்று. வீட்டு மனையாக விற்றால் கிடைக்கும் தொகையோடு ஒப்பிட, பழத்தின் வருவாய் அற்பமாயிற்று. இதிலும் கடுமையானது வரிமுறை. நிலத்தின் சந்தை மதிப்பைக் கொண்டே வரி கணக்கிடப்பட்டதால், அடுத்த தோட்டம் மனைகளாக மாறியவுடன் இத்தோட்டத்தின் வரியும் உயர்ந்தது. விற்க விரும்பாதவனையும் வரி விற்கச் செய்தது. விளைநிலத்தை விளைநிலமாகவே வைத்திருக்க ஒப்பந்தம் செய்வோர்க்கு வரிக்குறைப்பு அளிக்கும் வில்லியம்சன் சட்டம் 1965-இல்தான் மாநிலத்தில் இயற்றப்பெற்றது. அதற்குள் பள்ளத்தாக்கின் பெரும்பாலான தோட்டங்கள் தெருக்களாகிவிட்டன.

ஆர்க்கட் பண்ணை 1965-இல் நகரின் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு 24 ஏக்கரை நகர ஆட்சி விலைக்கு வாங்கிப் பூங்காவாக்கியது. பல ஆண்டுகள், கோடையில் குறித்த நாள்களில் பொதுமக்கள் சிறு கட்டணம் செலுத்தி, தம் கையாலேயே பழம் பறித்துச் செல்லும் வழக்கமும் அங்கு நிலவியது.

எனினும் வாங்கியதோடு கடமை முடிந்துவிடவில்லை. ஓக் மரம் அம்மண்ணுக்குரியது, தானே வாழும். ஆரஞ்சோ, நீர் பாய்ச்சி, கவாத்து செய்து, நோய் காத்தாலன்றி நிலைக்காது. 2008-இல் ஒருவகைத் தத்துப்பூச்சி கலிபோர்னியாவில் காணப்பட்டது. அது பரப்பும் பசுமையாக்க நோய் 2012-இல் லாஸ் ஏஞ்சலீஸ் வட்டாரத்திலேயே தலைகாட்டிற்று. அந்நோய் கண்ட மரத்தைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. முதிய மரங்கள் பட்டுப்போகும்போது அவற்றின் இடத்தில் புதியன நடவேண்டும். அதற்குப் பணமும் ஆளும் வேண்டும்.

பழைய இல்லத்திற்குப் பூட்டிட்டுக் காவல் வைத்தால் அது சில காலம் நிற்கும். பழத்தோட்டத்தை அவ்வாறு காக்கவியலாது. நாள்தோறும் உழைத்தே காத்தல் வேண்டும். 200 ஏக்கரில் எஞ்சிய 24 ஏக்கர் அந்நகர மக்களின் கையில் உள்ளது. வரிசை குலையாமல் அதனைப் பேணும்வரையில்தான், தங்கள் வீடுகள் எந்த நிலத்தின்மேல், எவருடைய நீரால் எழுந்தன என்பதை அடுத்த தலைமுறையினர் கண்ணாற் கண்டறிய முடியும்.