ஆல்கஹால் இல்லாத ஒயினும் கர்ப்பிணியின் கேள்வியும்

புது தில்லி: பெருநகரப் பேரங்காடிகளின் குளிர்பான அடுக்குகளில் அண்மை ஆண்டுகளில் புதிய சரக்கு ஒன்று இடம்பிடித்திருக்கிறது. பார்வைக்கு ஒயின் புட்டி. உள்ளே இருப்பதோ ஆல்கஹால் நீக்கப்பட்ட திராட்சைப் பானம். பீரிலும் இதே கதைதான். வாகனம் ஓட்டுவோர், மதுவைக் கைவிட்டோர் என இதை நாடுவோர் பலர். அவர்களில் கர்ப்பிணிகளும் உண்டு. மற்றவர்களுக்கு இது ருசி சார்ந்த விஷயம். கர்ப்பிணிக்கோ, புட்டியின் மீது என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது வயிற்றில் வளரும் சிசுவைச் சார்ந்தது.

தாய் அருந்தும் மது நஞ்சுக்கொடியைக் கடந்து கருவைச் சென்றடைகிறது. அதைச் சிதைக்கும் அளவுக்குக் கருவின் கல்லீரல் வளர்ச்சி பெற்றிருப்பதில்லை. மிகுதியாகக் குடித்த தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகளிடம் முக அமைப்பிலும் மூளை வளர்ச்சியிலும் காணப்பட்ட குறைபாடுகளுக்கு அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்கள் 1973-இல் பெயர் சூட்டினர். கர்ப்ப காலத்தில் இவ்வளவு மது பாதுகாப்பானது என்று வரையறுத்துச் சொல்ல இன்றுவரை எவராலும் இயலவில்லை.

இந்தியப் பெண்கள் குடிப்பதில்லை, இது மேல்தட்டு மக்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியுமா? 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, நாடு முழுவதும் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மது அருந்துவோர் 1.3 சதவீதம்தான். ஆனால், அருணாசலப் பிரதேசத்தில் அது ஏறத்தாழ 24 சதவீதம். சிக்கிமில் 16 சதவீதம். அசாமில் 7 சதவீதம். வடகிழக்கின் மலைக் கிராமங்களில் அரிசியிலிருந்து வடிக்கப்படும் பானம் விருந்தோம்பலின் ஓர் அங்கம்; பெண்களே அதைத் தயாரிப்பவர்கள். அந்தக் குடுவைக்கு லேபிள் ஏது? அங்கே எச்சரிக்க வேண்டியவர் கிராமத்து சுகாதாரப் பணியாளர் மட்டுமே.

லேபிள் உள்ள புட்டியாவது உண்மையை முழுமையாகச் சொல்கிறதா என்றால், அதுவும் இல்லை. ஆல்கஹால் நீக்கிய ஒயின் முதலில் ஒயினாகவே தயாராகிறது. பின்னர், காற்றழுத்தத்தைக் குறைத்து, தாழ்ந்த வெப்பத்திலேயே ஆல்கஹாலை ஆவியாக்கிப் பிரிக்கிறார்கள். நுண்ணிய சவ்வுகளின் வழியே வடிகட்டுவதும் உண்டு. எனினும் சிறிதளவு தங்கிவிடலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் வகுத்த விதி, ஆல்கஹால் நீக்கிய ஒயினில் 0.5 சதவீதம் வரை ஆல்கஹாலை அனுமதிக்கிறது. இந்தியாவில், உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகளும் 0.5 சதவீதத்துக்கு மேற்பட்டதையே மதுபானம் என்கின்றன. ஆக, "ஆல்கஹால் அற்றது" என்ற சொல்லும் "0.0" என்ற எண்ணும் ஒன்றல்ல. நன்கு கனிந்த பழத்திலும் ரொட்டியிலும்கூட இத்தகைய நுண்ணளவு உண்டு என்பது மெய்தான், பீதி தேவையில்லை. ஆனால், துளியும் வேண்டாம் என்று தீர்மானித்த பெண் "0.0" என்ற குறியீட்டைத் தேடுவதே சரி.

இவற்றுள் பல, மது நிறுவனங்களின் அதே பெயரையும் அதே சின்னத்தையும் தாங்கி வருகின்றன. மறைமுக விளம்பரங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் தடை விதித்த பின்னரும் இந்த ஒற்றுமை உறுத்தவே செய்கிறது. அவசரத்தில் தவறான புட்டியை எடுத்துவிடும் வாய்ப்பும் இல்லாமல் இல்லை.

புட்டியை நம்பித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. கொங்கணக் கடற்கரையின் கோகம் பழத்தோலை நீரில் ஊறவைத்து, சீரகப் பொடி தூவி, சோடா சேர்த்தால் கிடைக்கும் செந்நிறம் எந்தச் சிவப்பு ஒயினுக்கும் இளைத்ததல்ல. ஒயினின் துவர்ப்பை விரும்புவோருக்கு மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாதுளை இருக்கிறது. உத்தரகண்டில் மாநில மரமான புராஞ்சின் செம்மலர்களிலிருந்து மகளிர் சுயஉதவிக் குழுக்கள் சர்பத் தயாரிக்கின்றன. இவற்றில் சர்க்கரையை மட்டும் கவனித்தாக வேண்டும். திராட்சைச் சாற்றில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 15 கிராம் சர்க்கரை உண்டு. கர்ப்பகால நீரிழிவு உள்ளவருக்கு அது ஆகாது. தேநீரும் காஷ்மீரத்துக் கஹ்வாவும் மதுவற்றவைதான். ஆனால் உணவோடு அருந்தினால் தேயிலை இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். மேற்சொன்ன ஆய்வின்படி கர்ப்பிணிகளில் 52 சதவீதத்தினர் ரத்தசோகைக்கு ஆளான நாட்டில் இது சிறிய விஷயமல்ல. நெல்லிச்சாறும் எலுமிச்சைச்சாறும் இதற்கு நேர்மாறு. இரும்புச்சத்து சேர அவை துணைபுரியும்.

சட்டத்தின் மௌனம்தான் வியப்பளிக்கிறது. 1989 முதல் அமெரிக்க மதுப்புட்டிகளில் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை கட்டாயம். பிரான்ஸ் 2007 முதல், கோப்பை ஏந்திய கர்ப்பிணியின் உருவத்தின் மீது குறுக்குக்கோடிட்ட படத்தையோ எச்சரிக்கை வாசகத்தையோ அச்சிடச் செய்திருக்கிறது. 2019 ஏப்ரலில் இந்தியாவில் கட்டாயமான வாசகமோ, மது உடல்நலத்துக்குக் கேடு என்றும் குடித்துவிட்டு வாகனம் ஓட்டக்கூடாது என்றும் சொல்லி முடிந்துவிட்டது. கர்ப்பிணி அதில் இல்லை. அந்த வாசகமும் ஆங்கிலத்தில்தான். விரும்பும் மாநிலங்கள் தத்தம் மொழியில் அச்சிடச் செய்யலாம் என்று அதே விதி இடமளிக்கிறது. எழுத்தறியாதவருக்கும் புரியும் அந்தப் பிரெஞ்சுப் படத்தைச் சேர்க்க, மத்திய அரசின் ஓர் அறிவிக்கையே போதும்.