வாரத்தை வகுத்துக்கொள்வோம்: சிகிச்சையில் இருக்கும் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். அவளுக்குத் தலசீமியா. சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதற்காக வேப்பம்பட்டு நிலையத்தில் விடியற்காலையில் மின்தொடர் வண்டி ஏறிச் சென்னைக்குச் செல்கிறாள். போகும்போது ஏறத்தாழ ஒரு மணி நேரம், வரும்போதும் அவ்வளவே. இடையில் இரத்தப் பரிசோதனை, காத்திருப்பு, இரத்தம் ஏறி முடியும் வரை படுக்கை. வீடு திரும்பும்போது இருட்டிவிடுகிறது. மறுநாள் பள்ளியில் கணக்கு ஆசிரியர் அடுத்த பாடத்தைத் தொடங்கிவிட்டார். விட்ட பாடத்தை ஈடுசெய்ய அன்றிரவு அவள் நள்ளிரவு வரை கண்விழிக்கிறாள்.

கடைசியாகச் சொன்ன அந்த ஒரு செயலே இக்கட்டுரையின் பொருள். விட்ட பாடத்திற்கு வாரத்தில் ஓர் இடம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருந்தால், அவள் உறக்கத்தை விற்றுப் பாடத்தை வாங்க வேண்டியிருக்காது.

நாள் அன்று, வாரம்

பெரும்பாலான வீடுகளில் படிப்பு அட்டவணை ஒரு நாளுக்கானது. காலை 5 மணிக்கு எழுதல், 6 மணி வரை மனப்பாடம் என்று சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். நலமாக இருக்கும் பிள்ளைக்கே அது நான்கு நாள்களுக்கு மேல் நிலைப்பது அரிது. சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு எல்லா நாளும் ஒன்று போல் இருப்பதில்லை. ஆகவே வாரத்தையே அளவாகக் கொள்வது பொருத்தம். ஒரு நாள் தவறினாலும் வாரம் தவறாது.

இப்பகுதியில் இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. காக்களூர் தொழிற்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிற்கும் வேலைக்குச் செல்லும் பெற்றோர் பலருக்குப் பணிநேரம் ஷிப்ட் முறையில் மாறிக்கொண்டே இருக்கிறது. மருந்து கொடுப்பவர் யார், மருத்துவமனைக்கு உடன் வருபவர் யார் என்பது அந்த வாரத்து ஷிப்ட்டைப் பொறுத்தது. ஞாயிறு மாலை அரை மணி நேரம் குடும்பமாக அமர்ந்து, வரும் வாரத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால் பல குழப்பங்கள் அன்றே தீரும்.

168 மணி நேரத்தின் கணக்கு

ஒரு வாரத்தில் 168 மணி நேரம் உள்ளது. 13 முதல் 18 வயது வரையுள்ளோர் நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரமும், 6 முதல் 12 வயதுள்ளோர் 9 முதல் 12 மணி நேரமும் உறங்க வேண்டும் என்பது உறக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. நம் மாணவிக்கு 9 மணி நேரம் என்று கொள்வோம். வாரத்திற்கு 63 மணி. பள்ளிக்குச் சென்று வர நாளொன்றுக்கு 8 மணி வீதம் ஐந்து நாளுக்கு 40 மணி. உணவு, குளியல் முதலியவற்றிற்கு நாளுக்கு 3 மணி வீதம் 21 மணி. விளையாட்டிற்கு 7 மணி. குடும்பத்தாருடன் பேச, தொலைக்காட்சி பார்க்க, ஓய்வெடுக்க 14 மணி. மருந்துக்கும் உடல்நலக் கவனிப்புக்கும் நாளுக்கு அரை மணி வீதம் மூன்றரை மணி.

கூட்டினால் 148½ மணி. எஞ்சுவது 19½ மணி. வீட்டில் படிக்க உள்ள நேரம் இவ்வளவே. இக்கணக்கைப் பிள்ளையே தன் கையால் போட்டுப் பார்க்கட்டும். 'நேரமே இல்லை' என்ற அச்சமும் 'நிறைய நேரம் இருக்கிறது' என்ற அசட்டையும் ஒருங்கே நீங்கும்.

எழுதும் வரிசை

முதலில் மாறாதவற்றை எழுதுங்கள்: உறக்கம், மருந்து நேரம், மருத்துவமனை நாள். இவற்றைப் படிப்பிற்காக நகர்த்தலாகாது. வலிப்பு நோய் உள்ள பிள்ளைக்கு உறக்கக் குறைவே வலிப்பைத் தூண்டக்கூடும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளை உணவைத் தள்ளிப்போட்டாலோ, வழக்கத்தினும் மிகுதியாக விளையாடினாலோ சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். மருந்து நேரத்தைப் பள்ளி நேரத்திற்கு ஏற்ப மாற்ற வேண்டுமெனில் மருத்துவரைக் கேட்ட பின்னரே மாற்றுங்கள்.

இரண்டாவதாக, உடலின் ஏற்ற இறக்கத்தைக் குறியுங்கள். தலசீமியா உள்ள பிள்ளைக்கு இரத்தம் ஏற்றும் நாள் நெருங்க நெருங்க ஹீமோகுளோபின் குறையும், களைப்பு கூடும். ஏற்றிய பின் உடல் தெளிவடையும். ஆகவே கணக்கு, அறிவியல் போன்ற கடினமான பாடங்களை இரத்தம் ஏற்றிய பின்வரும் வாரத்திலும், படித்ததைத் திருப்பிப் பார்த்தல், வாசித்தல் போன்றவற்றை ஏற்றுவதற்கு முந்திய நாள்களிலும் வைக்கலாம். ஆஸ்துமா உள்ள பிள்ளை இரவெல்லாம் இருமியிருந்தால், மறுநாள் விடியற்காலைப் படிப்பை நீக்கிவிடுவதே முறை.

மூன்றாவதாக, பாடங்களுக்கு இடம் கொடுங்கள். ஒரே நாளில் 3 மணி நேரம் ஒரு பாடத்தைப் படிப்பதைவிட, அதே 3 மணியை மூன்று நாள்களுக்குப் பகிர்வது நினைவில் நிற்க உதவும். கற்றது எவ்வளவு விரைவாக மறக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மீதே சோதித்து 1885-இல் வெளியிட்டார். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தல் பயன் தரும் என்பதும் அவர் கண்டதே. ஒரு முறைக்கு 30 அல்லது 40 நிமிடம் படித்து, 10 நிமிடம் எழுந்து நடந்தால் போதும்.

நான்காவதாக, வெற்றிடம் விடுங்கள். 19½ மணியில் 15 மணிக்கு மட்டும் திட்டமிடுங்கள். ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை மனிதர் குறைத்தே மதிப்பிடுவர் என்று டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எடுத்துக்காட்டினர். சனிக்கிழமை காலை 2 மணி நேரமும், வாரநடுவில் ஓரிரு மாலை வேளைகளும் காலியாக இருக்கட்டும். விட்ட பாடம் அங்கே வந்து அமரும். அந்த வாரம் எதுவும் விடுபடவில்லை எனில், அந்நேரம் பிள்ளைக்கே உரியது. அதை வேறு படிப்பால் நிரப்பாதீர்கள்.

விட்ட பாடங்கள்

எல்லாவற்றையும் எழுதித் தீர்க்க வேண்டியதில்லை. எது அடுத்த பாடத்திற்கு அடிப்படையோ அது முதலில். பெரும்பாலும் அது கணக்காகவே இருக்கும். எது முக்கியம் என்பதை வகுப்பாசிரியரிடமே கேளுங்கள். மருத்துவமனை நாள்களின் பட்டியலை முன்னரே பள்ளியில் கொடுத்துவைத்தால், இடைத்தேர்வுகள் குறித்து ஆசிரியர் முடிவு செய்ய உதவியாக இருக்கும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தலசீமியா, ஹீமோபீலியா, அரிவாளணு நோய் ஆகியவற்றையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. பிள்ளை பத்தாம் வகுப்பை எட்டுமுன்பே, பொதுத்தேர்வில் தகுதியுள்ள சலுகைகள் பற்றித் தலைமையாசிரியரிடம் கேட்டு வையுங்கள்.

இரத்தம் ஏறிக்கொண்டிருக்கும் வேளையில் பிள்ளை கதைப்புத்தகம் படிக்க விரும்பினால் படிக்கட்டும். உறங்க விரும்பினால் உறங்கட்டும். அந்நேரத்தைப் படிப்பு நேரமாகக் கணக்கில் கொள்ள வேண்டாம்.

குறிப்பேடு மருத்துவருக்கும் பயன்படும்

ஒவ்வொரு ஞாயிறும் சென்ற வாரத்தைப் பார்த்து, முடிந்ததற்கு ஒரு குறியும், முடியாததற்குக் காரணமும் எழுதச் சொல்லுங்கள். கடிந்துகொள்வதற்காக அன்று. எளிய திட்டத்தைக்கூட இரண்டு வாரம் தொடர்ந்து நிறைவேற்ற இயலவில்லை, வகுப்பில் உறங்கிவிடுகிறாள், விளையாடவும் மனமில்லை என்றால், அதைச் சோம்பல் என்று முடிவுகட்டாதீர்கள். ஹீமோகுளோபின் எதிர்பார்த்ததைவிட விரைவில் குறைந்திருக்கலாம், மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம். மருத்துவர் கேட்கும் முதற்கேள்வி 'எப்போதிலிருந்து?' என்பதே. அதற்கு விடை அந்தக் குறிப்பேட்டில் தேதியுடன் இருக்கும்.

ஆகவே, அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது மருந்துச் சீட்டுடனும் பரிசோதனை அறிக்கையுடனும் அந்தக் குறிப்பேட்டையும் எடுத்து வாருங்கள்.