விருந்து

பொன்முடி ஒரு மலை. கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ளது. அங்கே தேயிலைத் தோட்டங்கள் உண்டு. கேரளத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் பலர் பிழைக்கப் போனார்கள். அதனால் தமிழும் மலையாளமும் அங்கே பக்கத்துப் பக்கத்து வீட்டு மொழிகள்.

இரண்டு மொழிக்கும் பொதுவான சொற்கள் பல. அதில் ஒன்று விருந்து. மலையாளத்தில் 'விருந்நு' என்பார்கள்.

விருந்து என்றதும் எது நினைவுக்கு வருகிறது? வாழை இலை, வடை, பாயசம், அப்பளம். விருந்து என்றால் நல்ல சாப்பாடு. அது சரிதான். ஆனால் அது பிறகு வந்த பொருள்.

முதலில் விருந்து என்றால் புதுமை. தொல்காப்பியம் மிகப் பழைய இலக்கண நூல். புதிய முறையில் பாடும் பாட்டுக்கு அது 'விருந்து' என்று பெயர் சொல்கிறது. அங்கே சாப்பாடே இல்லை!

வீட்டுக்குப் புதிதாக வருபவரும் விருந்து ஆனார். திருக்குறளில் 9வது அதிகாரம் விருந்தோம்பல். ஓம்பல் என்றால் பேணுதல். வந்தவரைப் பேணுவதே விருந்தோம்பல். அனிச்சம் என்ற பூ முகர்ந்தால் வாடும். விருந்தாளியோ நம் முகம் மாறினாலே வாடிப்போவார். இப்படிச் சொல்கிறார் வள்ளுவர்.

இந்தப் பழைய பொருள் இன்றும் இருக்கிறது. காக்கை கரைந்தால் "விருந்து வரப்போகுது" என்கிறோம். சாப்பாடா நடந்து வரும்? ஆள்தான் வரும். மலையாளிகளும் காக்கை 'விருந்நு' அழைப்பதாகச் சொல்வார்கள். விருந்தாளிக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'விருந்நுகாரன்'. ஓணத்துக்கு இலை போட்டுப் பரிமாறும் பெரிய சாப்பாட்டுக்கு வேறு பெயர். அது 'சத்ய'.

ஆக, விருந்தில் முதலில் ஆள். பிறகுதான் சாப்பாடு.

இதை மறந்தால் என்ன ஆகும்? கல்யாண விருந்துக்குக் கடன் வாங்குகிறார்கள். பந்தி ஒரே நாளில் முடிகிறது. வட்டி முடிவதில்லை. ஊர் மெச்ச இலை நிறைந்தது. வீட்டில் அடுப்பு அணைந்தது.

தோட்டத்து லயத்தில் சின்ன வீடு. வந்தவருக்குக் கட்டன் சாயாவும் அவித்த மரவள்ளிக் கிழங்கும் தருகிறார்கள். "வாங்க, உட்காருங்க" என்று முகம் மலர்ந்து சொல்கிறார்கள். அதுவும் விருந்துதான். அதற்குக் கடன் வேண்டாம்.

படித்துச் சொல்லுங்கள்:

1. மாமா வீட்டில் விருந்து வைத்தார்கள்.
2. எங்கள் வீட்டுக்கு விருந்து வந்திருக்கிறது.

எதில் விருந்து என்பது சாப்பாடு? எதில் ஆள்?